மண் வரும் வழி

கோர்தாத் மாதம் 9

கோடையில் வீசும் நூற்றிருபது நாள் காற்று இன்று காலையே தொடங்கிவிட்டது. ஸாபோலில் பிறந்தவளுக்கு இது புதிதா? ஹாமூன் ஏரியில் தண்ணீர் இருந்தவரை காற்று குளிர்ந்து வந்தது. இப்போது வற்றிய ஏரியின் அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. மதியம் என் மகள் ஸதஃபுக்கு மூச்சிழுப்பு. ஆறு வயதுப் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “வீட்டுக்குள்ள தூசியே கூடாது, கூட்டாதீங்க, ஈரத்துணியால தொடைங்க” என்றார் டாக்டர். சொல்வது சுலபம். ஏரியைத் துடைக்க எத்தனை துணி வேண்டும்?

கோர்தாத் 11

எல்லா ஜன்னலுக்கும் டேப் ஒட்டினேன். கதவடியில் ஈரத் துண்டு. புழுக்கத்துக்கு மொட்டைமாடிக் கூலரைப் பகல் முழுக்க ஓடவிட்டேன். மொராத் வேலையிலிருந்து வந்து, “இது வீடா, ஊறுகாய் ஜாடியா?” என்று சிரித்தார். என்னைக் கட்டிக்கொண்டவருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை.

கோர்தாத் 15

மொராத்தின் அக்கா மாஹ்பீபி. கல்யாணமே செய்துகொள்ளாமல் எங்களோடு இருப்பவர். விடிந்ததும் கம்பளங்களை முற்றத்துச் சுவரில் போட்டுத் தடியால் அடிக்கிறார். பாதி மண் திரும்ப உள்ளே வருகிறது. சுருட்டி வைக்கலாம் என்றேன்.

“வெறுந்தரையிலயா விருந்தாளிய உக்கார வைப்ப? எங்கம்மா கையால நெய்ஞ்சதுடி.”

“விருந்தாளிக்கு மூச்சு வருது அண்ணி. உங்க மருமகளுக்குத்தான் வர மாட்டேங்குது!”

காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கோர்தாத் 16

இன்றும் அடித்தார்.

கோர்தாத் 20

ஸதஃப் ஆஸ்பத்திரியில். மூக்கில் ஆக்ஸிஜன். உதடு நீலம் பாரித்திருந்தது. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தால், மாஹ்பீபி கையில் தடி!

என்ன சொன்னேன்? எல்லாம் சொன்னேன். “பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்! உங்களுக்குக் கம்பளந்தானே புள்ள!” சொல்லக் கூடாத சொல்தான். சொல்லிவிட்டேன். அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மதிய பஸ்ஸில் ஸாஹெதானுக்குச் சின்னத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மொராத் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கோர்தாத் 26

கம்பளங்களைச் சுருட்டிக் கட்டினேன். ஸதஃப் வீட்டுக்கு வந்துவிட்டாள். புழுக்கத்தில் வாடுகிறாளே என்று கட்டிலைக் கூலர் காற்று இறங்கும் துளைக்கு நேர் கீழே இழுத்துப் போட்டேன். இனி எந்த மண் வருகிறது, பார்க்கிறேன்.

தீர் மாதம் 2

மறுபடி இழுப்பு. எப்படி? எங்கேருந்துதான் வந்து தொலையுது இந்தப் பாழாப்போன மண்ணு?

தீர் 3

ஆறு வெள்ளைக் கைக்குட்டைகளை நனைத்து வீடு முழுக்க விரித்தேன். சாயங்காலம் பார்த்தால், ஜன்னலடியில் போட்டது அப்படியே வெள்ளை. வாசலில் கொஞ்சம் மங்கல். ஸதஃப் கட்டிலில் போட்டது ஏரி மண்ணின் நிறம்.

மொட்டைமாடிக்கு ஓடினேன். மதியங்களில் குழாயில் தண்ணீர் வருவதில்லை. கூலரின் நார் காய்ந்து சருகாகக் கிடந்தது. நனைந்த நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் ஊர் மண்ணையெல்லாம் உறிஞ்சிக் கட்டிலின் மேல் கொட்டும். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, காற்றாவது வரட்டும் என்று தினமும் மதியம் அதை ஓடவிட்டது யார்?

நான். நான். நானேதான்.

உனக்கு மூளை இருக்காடி? ஒரு மனுஷிய வீட்ட விட்டுத் துரத்துனியே!

தீர் 10

தண்ணீர் நின்றதும் கூலரை நிறுத்திவிடுகிறேன். மதியத்தில் கை வலிக்க விசிறுகிறேன். ஏழு நாளாக இழுப்பு இல்லை. கம்பளம் அடித்தது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அந்தத் தடி இல்லை. மொராத்திடம் சொன்னேன். “எங்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லு” என்றார்.

தீர் 11

ஸாஹெதானுக்குப் போன் செய்தேன்.

“அண்ணி, கூலர்தான் அண்ணி. நான்தான். அன்னைக்கு ஏதோ வாய் தவறி...”

“வாய் தவறல. மனசுல இருந்துச்சு, வந்துச்சு.”

அது உண்மைதான். பிறகு அவரே கேட்டார்.

“புள்ள என்ன பண்றா?”

“தூங்குறா.”

“மூச்சு?”

போனை ஸதஃபின் மூக்கருகே பிடித்தேன். கை கடுக்கும்வரை பிடித்திருந்தேன். அவர் போனை வைக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.