லிஃப்டுக்குள் கிடைத்த லீவு

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி எப்படி? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

இங்கே லிஃப்ட் மெக்கானிக் நான் ஒருவன்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லீவு கேட்டால் மேனேஜர், "பாக்கலாம்" என்பார். நேற்று நான் உள்ளே இருக்கும்போதே லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. பயப்படாதே, இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருப்பேன். ஆனால் அப்படியே படுத்துவிட்டேன்.

மேனேஜர் கதவைத் தட்டினார். "உள்ள என்னய்யா பண்றே?"

"லீவுல இருக்கேன் சார்."

கத்திப் பார்த்தார். திறக்கத் தெரிந்தவன் உள்ளே அல்லவா கிடக்கிறேன்!

"சரிய்யா, ஞாயித்துக்கிழமை வராதே. இப்ப திறந்து தொலை!"

அன்றைக்குப் போன் பண்ணு. சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொல்லிக்கொடு. மெதுவாகவே சொல், நாள் முழுக்கக் கேட்பேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் மகன்