கண்ணாடிக் குழாயும் பாகற்காய்க் குழம்பும்

9-8-78
கரும்புக் கட்டை குத்தி இரண்டு மாதமாகக் கால் கட்டைவிரலில் ஆறாத புண். அதற்கு மருந்து கேட்டு நாமக்கல் டாக்டரிடம் போனேன். அவர் புண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மூத்திரத்தைக் கேட்டார். சர்க்கரை வியாதியாம். முப்பது வருஷமாகக் கரும்பு நடுகிறேன், ஆலை போடுகிறேன், வெல்லம் காய்ச்சுகிறேன். இப்போது உடம்புக்குள்ளேயே ஒரு ஆலை ஓடுகிறதாம், ஆள்கூலி இல்லாமல்.

மாத்திரை கொடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்து ஒரு பாட்டிலும் வாங்கச் சொன்னார். குழாயில் நீல மருந்தை ஊற்றி எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் தப்பித்தோம். பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் ஏற ஏறக் கெடுதல். "தை மாசத்துக்குள்ள நீலம் வரலைன்னா விரலை எடுத்துரலாம்" என்றார். நகம் வெட்டுகிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

10-8-78
செங்கல். ஒரு ரூம் கட்டலாம்.

13-8-78
மாப்பிள்ளை மருதாசலம், என் பெண்டாட்டி சௌந்திரத்தின் தம்பி, வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை பாகற்காயோடு வந்து இறங்கினான். "மாத்தரையோட இதையுஞ் சேத்துத் தின்னுங்க மாமா. வவுத்துப் பூச்சிக்கு நானு குடிச்சிருக்கேன். சொறி செரங்குக்கு எங்கய்யன் குடிச்சாரு. எல்லாத்துக்கும் ஆவும்." கேட்டால் வரப்புத் தகராறுக்கும் ஆகும் என்பான் போல.

15-8-78
நாட்டுக்குச் சுதந்திர தினம். எனக்குக் காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. குடித்து முடிக்கும்வரை சௌந்திரம் போலீஸ்காரி மாதிரி எதிரே நின்றாள்.

24-8-78
காலையில் சாறு, மத்தியானம் பொரியல், ராத்திரி வற்றல். மோரில் ஊறப்போட்டுக் காயவைத்த வற்றலாம், கசக்காதாம். நாக்கு அவளுடையதா என்னுடையதா? சாற்றை மூன்று நாளாகத் தென்னைமரத்துக்கு ஊற்றுகிறேன். தென்னைக்கு இனிச் சர்க்கரை வராது.

3-9-78
இன்று ஒரு குழம்பு வைத்தாள். மிதிபாகல் என்கிற குட்டிப் பாகற்காயைக் கீறி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கி, புளி ஊற்றிச் சுண்ட வைத்தது. கசப்பு நாக்கைத் தொட்டதும் மரியாதையாக விலகிப் போகிறது. மூன்று தரம் வாங்கினேன். இத்தனை நாள் திட்டியதற்குப் பாகற்காயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சௌந்திரமும் எனக்குச் சரியாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். அப்புறம் இன்னொரு சொம்பு. இவளுக்குத் தனியாகக் கிணறு வெட்ட வேண்டும்.

20-9-78
தினமும் அதே குழம்பு, அதே மாத்திரை, அதே செங்கல். விரல் ஓரம் கருத்திருக்கிறது. எனக்குச் சந்தேகம் அந்த நீல மருந்து மேலேயே. நோயில்லாத ஆளுக்கு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சௌந்திரத்திடம் எட்டுச் சொட்டு கேட்டேன். "கருமம்! வயசான காலத்துல கேக்கறதப் பாரு" என்று திட்டிவிட்டுக் கொடுத்தாள். செங்கல்! என்னைவிட நல்ல செங்கல். ஆக, பாட்டில்தான் மோசம். நிம்மதி.

5-10-78
தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனேன். கொதிக்கிற குழம்பில் ஒரு அச்சு வெல்லத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரல்ல?"

"அது கடைச் சக்கரையச் சொன்னாருங்க. இது நம்ம காட்டு வெல்லமுங்க. எங்கூட்ல வெல்லம் போடாம பாவக்காக் கொழம்பே வெச்சதில்ல. போடலீன்னா நீங்க தின்னிருப்பீங்களா? பாவக்காச் சாத்தத் தென்னமரத்துக்கு ஊத்துனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பாகு பதம் பார்க்க நாலு ஊர்க்காரர்கள் என்னைத்தான் வண்டி வைத்துக் கூட்டிப்போகிறார்கள். அந்த நாக்குக்கு என் சொந்த வெல்லம் ஒரு மாதமாகத் தெரியவில்லை.

6-10-78
இன்றிலிருந்து எனக்கு வெல்லமில்லாத குழம்பு. அவளுக்கு மட்டும் தனிச்சட்டியில் வெல்லம் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுகிறாள். வயிறு எரிகிறது.

28-10-78
பச்சை! மோசமான பாட்டிலுக்கும் எப்போதாவது நல்ல புத்தி வரும் போலிருக்கிறது. கசப்பும் பழகிவிட்டது. சாப்பிட்ட பிறகு வாய் சுத்தமாக இருக்கிறது. இதை மருதாசலத்திடம் சொல்லமாட்டேன்.

12-11-78
நீலம். புண் ஓரத்தில் புதுச்சதை. விரல் பிழைத்தது. குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சௌந்திரம் குடத்தடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று—

அதே பாட்டில். அதே பாட்டில்தானே? எனக்கு நீலம் காட்டுதுன்னா அது கெட்ட மருந்தில்ல. அப்ப அவளுக்குக் காட்டுன செங்கலு? அய்யோ, ரெண்டு மாசமாச்சே. அடப்பாவி.

13-11-78
காலையில் அவளுக்கு மறுபடி காய்ச்சினேன். செங்கல். முதல் பஸ்ஸில் நாமக்கல். "எத்தனை நாளாத் தண்ணி தாகம்?" என்று டாக்டர் கேட்டார். அவள் தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பினேன். செப்டம்பர் மூன்றாம் தேதியே எழுதி வைத்திருக்கிறேன், கிணறு வெட்ட வேண்டுமென்று. என்ன ஒரு நக்கல்.

20-11-78
மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். வெல்லம் போடாத குழம்பை மட்டும் தொடமாட்டேன் என்கிறாள். "இதை மனுசன் தின்பானா?" என்கிறாள், மூன்று மாதமாக எனக்குச் சாறு ஊற்றியவள்.

14-1-79
பொங்கல். கட்டைவிரல் இருக்கிறது. கிணற்றோரம் ஒரு பாகல் பந்தல் போட்டேன், மருதாசலம் சிரித்தால் சிரிக்கட்டும். காலையில் இரண்டு குழாய் காய்ச்சினேன். என்னுடையது நீலம். அவளுடையது மஞ்சளிலிருந்து பச்சைக்கு வருகிறது.

மத்தியானம் ஒரே சட்டிக் குழம்பு, வெல்லமில்லாதது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, கல்யாண விருந்து மாதிரிச் சாப்பிட்டேன். "இன்னும் ரெண்டு போடு" என்றேன். எனக்கு இரண்டு போட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே தனக்கும் இரண்டு போட்டுக்கொண்டாள்.