ஐந்து மணிச் சங்கும் நாற்பது வினாடியும்

ஆம்பூர்,
14-3-1983.

அன்பு மகள் ஞானசுந்தரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் தம்பியும் இங்கே நல்ல சுகம், அதே சுகம் மஸ்கட்டில் உனக்கும் உன்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கும் இருக்க வேண்டுமென்று காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீ எழுதிய மாத்திரையில் அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மி, ஆனால் வலி கம்மியானதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீயே எழுது. ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் இரண்டு டியூட்டி பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அது பெருமை இல்லை. உனக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த ஊரில் உன்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள், அதை யோசி.

தம்பிக்கு இது கல்லூரியில் கடைசி வருடம், வீம்பை விட்டுவிட்டு அவன் பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள் அப்பா என்றும் எழுதியிருந்தாய். வீம்பை நான் விடவில்லை. ஆட்டத்தைப் பார்த்தேன். எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதம் எடுத்திருக்கிறேன். போன வருடம் என்ன நடந்தது என்று உனக்கு யார் யாரோ எழுதியிருப்பார்கள், நான் சொல்வதையும் கேள். கல்லூரி மைதானத்தில் தினமும் பிராக்டிஸ், பக்கத்துத் தொழிற்சாலையின் ஐந்து மணிச் சங்கோடு முடியும். சங்கு ஊதினால் பந்தைக் கீழே போட்டுவிட்டுப் போவது பையன்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். போன வருடம் அரையிறுதியில் நான்தான் மேஜையில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். சங்கு ஊதியது, எல்லாரும் நின்றுவிட்டார்கள். இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது, ஆடுங்கள் என்றேன். பி.டி. மாஸ்டர் ராமலிங்கம் அத்தனை பேர் முன்னால், "இருபது பாயிண்ட் ஜாஸ்தியில ஜெயிச்சாச்சு, இன்னும் இன்னா டைமு? சங்கு ஊதறவனுக்கு இன்னாத்துக்குய்யா ரூல் புக்கு?" என்றார். ஆமாம், இருபத்திரண்டு வருடம் அந்தச் சங்கை ஊதியவன் நான்தான். அதனால்தான் சொல்கிறேன், அது கடிகாரம் இல்லை. ஊதுகிறவன் டீ குடிக்கப் போனால் அன்றைக்கு ஊருக்கே ஐந்து மணி தாமதமாகத்தான் வரும். நானே குடித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ் ரூல் புக்கை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அந்தப் படிப்பைத்தான் அவர் கேலி செய்தார். சொன்ன வார்த்தையை அவர் திரும்ப வாங்குகிறவரை அந்தக் கேட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வருடம் லீக் ஆட்டங்கள் முடிந்து எட்டுக் கல்லூரிகளுக்கு நாக்-அவுட் நம் கல்லூரி மைதானத்திலேயே வைத்தார்கள். தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். தம்பி கிறிஸ்துராஜ்தான் கேப்டன். முதல் நாள் காலையிலேயே, "நீ பாக்க வராம கப்பு கெடச்சா அதை நான் கையால தொடமாட்டேம்ப்பா" என்றான். உன் இஷ்டம் என்றேன். இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்டேன். உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள், ஆனால் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் எந்தக் கூடை நம்முடையது என்பதே அவளுக்குக் குழப்பம். இரண்டிலும் நம் பையன்கள்தான் ஜெயித்தார்கள் என்பதைத் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை மெட்ராஸ் கல்லூரியோடு ஃபைனல். மூன்று மணிக்கு ஜியாவுதீன் பாய் மாட்டு வண்டியோடு வாசலில் வந்து நின்றார். அவர் மகன் ரஃபி அகமதுவும் டீமில் இருக்கிறான், உனக்குத் தெரியும், இப்போது பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டான். "கேட்டுக்குள்ளதான வரமாட்டே? ரோட்டு மேல நிக்கறதுக்கு இன்னா பேஜாரு உனக்கு? ஏறு" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. வண்டியை மதில் ஓரம் நிறுத்தி மேலே உட்கார்ந்தோம். வண்டிக்குள்ளே உப்புப் போட்ட பச்சைத் தோல், அந்த நாற்றத்துக்குப் பயந்து பக்கத்தில் வேறு யாரும் வரவில்லை, ஆட்டம் நன்றாகத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய ஸ்டாப் வாட்ச் சட்டைப் பையில் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, இருந்தாலும் விசில் கேட்கும்போதெல்லாம் நிறுத்தி, பந்து ஓடும்போது ஓட்டி, ஆட்டம் முழுவதும் நேரம் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நாம் அறுபத்தொன்று, அவர்கள் அறுபது, பந்து அவர்கள் கையில். அப்போது சங்கு ஊதியது. நம் பையன்கள் ஐந்து பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மெட்ராஸ் பையன்கள் அது இந்த மைதானத்தில் ஆட்டம் முடிகிற சங்கு என்று நினைத்து அவர்களும் நின்றார்கள். மேஜையில் இருந்த புது கெமிஸ்ட்ரி வாத்தியாரும் நம் ஊர்க்காரர்தானே, சங்கு கேட்டதும் கை தானாகப் போய் வாட்சை அமுக்கிப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டார். ஒரே ஆரவாரம். உன் தம்பியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். என் கையில் வாட்ச் இரண்டாவது பாதியின் பத்தொன்பது நிமிடம் இருபது வினாடியில் நிற்கிறது. பாதிக்கு இருபது நிமிடம், நாற்பது வினாடி பாக்கி. உன்னிடம் மறைப்பானேன், இதைப் பேசாமல் பைக்குள் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு மூன்று வினாடி நினைத்தேன். பிறகு வண்டியின் மேல் எழுந்து நின்று, "ஆட்டம் முடியலே! இன்னும் நாப்பது செகண்டு இருக்கு!" என்று கத்தினேன்.

ஜியாவுதீன் பாய் என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார், "யோவ் மாசிலாமணி, உனுக்குப் பைத்தியமா, ஜெயிச்சது நம்ம பசங்கய்யா!" என்கிறார். ராமலிங்கம் கையை ஆட்டி உட்காரச் சொல்கிறார். கரும்புச் சக்கை ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது. வேலூரிலிருந்து வந்த நடுவர் மட்டும் மதில் அருகே வந்து வாட்சைக் காட்டச் சொன்னார். காட்டினேன், ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. நீங்கள் யார் என்றார். அங்கே தோளில் உட்கார்ந்திருக்கும் கேப்டனின் அப்பா என்றேன். சிரித்துவிட்டார். திரும்பிப் போய், "சொந்தப் புள்ள ஜெயிச்ச மேட்சைக் கெடுக்கறதுக்கு எந்த அப்பனாவது பொய் சொல்வானா? எறக்குங்கய்யா அவனை" என்றார். நேரத்தையும் என்னையே பார்க்கச் சொன்னார். தம்பி கீழே இறங்கி என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், அந்தப் பார்வையை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

ஆட்டம் தொடங்கிய பத்தாவது வினாடியில் மெட்ராஸ்காரன் கூடையில் போட்டான். நாம் ஒன்று கம்மி. உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் முழுவதும் பந்தைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தது. நான் கண்ணை வாட்சிலிருந்து எடுக்க முடியாது, எடுத்தால் நான் செய்ததெல்லாம் வீண். மிச்ச ஆட்டத்தை ஜியாவுதீன் பாய் வாயால்தான் பார்த்தேன். "கிறிஸ்து கையில பந்து... ரெண்டு பேரு மறிக்கிறான்... எறிஞ்சிட்டான், என் மவன்கிட்ட எறிஞ்சிட்டான்... யா அல்லா, வுழுந்துச்சு!" என்று என் தோளை உலுக்கினார். இன்னும் ஏழு வினாடி. மெட்ராஸ் பையன் பாதி மைதானத்திலிருந்து எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. "டைம்!" என்று நான் கத்திய கத்தலில் வண்டி மாடு மிரண்டு நாலடி ஓடியது, ஜியாவுதீன் பாய் கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தார்.

அறுபத்துமூன்று, அறுபத்திரண்டு. சங்கு கொடுத்த வெற்றி இல்லை அம்மா, முழு நாற்பது நிமிடமும் ஆடி வாங்கிய வெற்றி.

கோப்பை கொடுக்கும்போது ராமலிங்கம் கேட் வரை வந்து, "உள்ள வாங்க, எல்லாம் வெய்ட் பண்றாங்க" என்றார். போன வருடத்து வார்த்தை அப்படியே இருக்கிறதே என்றேன். நான் நகரவில்லை. உன் தம்பி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோப்பையைத் தொடவில்லை. ரஃபியை அதைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, டீமைக் கூட்டிக்கொண்டு நேரே ரோட்டுக்கு வந்து, "இப்ப நீ குடுப்பா" என்று என் முன்னால் கையை நீட்டினான், ரஃபியிடமிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்தேன். போட்டோக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பி.டி. மாஸ்டர் இல்லாமல் குரூப் போட்டோ எடுக்க முடியுமா, அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்த ரூல் புக்கை ரெண்டு நாளைக்குக் குடுங்க, பாக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நேற்று நான் ஆராதனை முடிந்து வரும்போது வாசலில் காத்திருந்தார். டீ குடித்தார், என் பென்சில் அடையாளங்களோடு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். வார்த்தையைத் திரும்ப வாங்கியதற்கு இது சமம் என்கிறாள் உன் அம்மா. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டோவில் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். பின்னால் தெரிவது தோல் வண்டி, மாட்டின் கொம்பு ராமலிங்கத்தின் தலைக்கு மேல் வந்துவிட்டது, அது யாருடைய தப்பும் இல்லை. ஜியாவுதீன் பாய் வீட்டு மஹ்பூபி அக்கா பிரியாணி கொடுத்தனுப்பி, உன் பங்கு பாக்கி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, இரண்டு டியூட்டி வேண்டாம், அம்மாவுக்கு மாத்திரையைப் பற்றி எழுத மறக்காதே. நீ அனுப்பிய வாட்ச் மேஜை மேல் இருபது நிமிடத்தில் நின்றபடி இருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை. ஆகஸ்டில் லீவில் வருகிறாய் அல்லவா, வந்து உன் கையால் அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா.

இப்படிக்கு
உன்னை நினைத்திருக்கும் அப்பா,
ச. மாசிலாமணி