டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவர்

நேற்றுக் காலை தெருமுனையில் உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் மேல் யாரோ ஒரு காதணி விழாவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மேலே ஒட்டியதை உரித்துவிட்டு அடியில் இருப்பதைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு திரிந்தவன் அல்லவா நீ.

ஊரெல்லாம் கொண்டாடும் நம் மதுரை ராக் குழுவின் வரலாற்றை எழுதக் கிளம்பியபோது, பேட்டி எடுப்பதுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். நீ ஈரச் சாக்கோடும் உன் வீட்டுத் தோசைக் கரண்டியோடும் வந்து நின்றாய். "அவங்க சொல்றதையும் எழுது மாப்ள, செவத்துல இருக்கறதையும் எழுது" என்றாய். கச்சேரி நடந்த ஊர்களில் பழைய கடைகளின் உட்சுவர்களில் சுவரொட்டிகள் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் சாக்கைச் சார்த்திவிட்டு, பசை இளகும்வரை டீ குடிப்போம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "காணாம போன ஆளத் தேடுறோம்ணே" என்று முகம் மாறாமல் சொல்வாய்.

மேலூரில் அது உண்மையாகிவிட்டது. பூட்டிக் கிடந்த ஒரு சைக்கிள் கடைச் சுவரிலிருந்து குழுவின் ஆரம்பகாலக் கச்சேரிச் சுவரொட்டி உரிந்து வந்தது. அதில் நான்கு முகங்கள். மூன்றை ஊருக்கே தெரியும். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவரை நாம் பார்த்ததே இல்லை. பெயர் மட்டும் கீழே தெளிவாக இருந்தது. விசாரித்து விசாரித்துத் திருவாதவூரில் அவரைக் கண்டுபிடித்தோம். முதல் கேசட் வருவதற்கு முன்பே அப்பா படுத்த படுக்கையாகிவிட, வயலைப் பார்க்கப் போய்விட்டவர். "அதெல்லாம் பழைய கத சார். எதுக்கு இப்பக் கிண்டிக்கிட்டு?" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது டிரம்ஸ் வாசிப்பவரையும் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து பிரியாத நான்கு நண்பர்கள் என்பதுதான் குழு எல்லா மேடையிலும் சொல்லும் கதை. அதனால் அந்தப் பெயர் புத்தகத்தில் வந்தால் ஒரு புகைப்படம்கூடத் தரமாட்டோம் என்று பாடகர் உன்னிடம் போனில் கறாராகச் சொன்னார். "தராட்டிப் போங்க, படமில்லாமப் போட்டுக்கிறோம்" என்று வைத்துவிட்டாய். அச்சுக்குப் போகும் முன்னே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது.

கருமாதியன்று பாடகர் வந்தார். உன் படத்துக்கு மாலை போட்டு அழுதார், நடிப்பில்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவரு பிடிவாதக்காரரு. நீங்களாச்சும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணே. ஒரு பக்கந்தான? புத்தகத்த நாங்களே பெரிய மேடையில வெளியிடுறோம்."

ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். இத்தனை அலைச்சலும் நாலு பேர் கண்ணில் படாமலே போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவன் இருந்தாக்கூடப் பேசிப் பாத்திருக்கலாம். இப்ப யாரக் கேட்டு நான் எடுக்குறது?" என்றேன்.

புத்தகம் படமும் விழாவும் இல்லாமல் வந்தது. முதல் பிரதியைத் திருவாதவூருக்குக் கொண்டுபோனேன். திட்டுவாரோ என்ற தயக்கம் வழியெல்லாம் இருந்தது. வயலிலிருந்து வந்தவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நான் விரித்துக் காட்டிய பக்கத்தை நின்றபடியே படித்தார். வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார்.

"ஏய், இங்க வா. இந்தா, படி. இம்புட்டு வருசமா நான் சொன்னப்பல்லாம் சிரிச்சியே!"

அந்த அம்மா ஈரக் கையோடு வந்து, நிதானமாகப் படித்து முடித்து, அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்கும் சேர்த்து நான் பார்த்து வைத்திருக்கிறேன்.