மாமியின் குசினியில் காணாமற்போன பல்லிகள்

மாமி,

இன்று உயிரியல் செய்முறை வகுப்பில் ஓர் இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவினோம். அது காய்ந்ததும் உரித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் இலையின் நுண்ணிய வாய்கள் தெரியும். போத்தலைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. பக்கத்தில் இருந்தவள், "என்னத்துக்குச் சிரிக்கிறாய்?" என்றாள். பல்லி ஞாபகம் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி ஒரு நோன்புப் பெருநாளும் போய்விட்டது. உங்களை நினைத்தால் இன்னும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. கோபிக்கமாட்டீர்கள்.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு நான் சும்மா இருந்த அந்த விடுமுறையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி பழக்குவதாக ஓர் ஆய்வுகூடம் அறிவித்தது. முடிவில் திறமாகச் செய்யும் ஒருவருக்கு அடுத்த விடுமுறையிலும் அங்கே ஒரு மேசையும் நுணுக்குக்காட்டியும் கிடைக்கும். அந்த மேசைக்காக ஒவ்வொரு தொழுகையிலும் நான் துஆக் கேட்டேன். நான் தெரிவானதில் உம்மாவுக்குப் பெருமைதான், ஆனால் தனியே பஸ்ஸில் அனுப்பப் பயம். வாப்பாவோடு பிறந்த மூத்த ராத்தாவான நீங்கள், "நான் கூடப் போறன், எனக்கென்ன வேல?" என்று அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஊரையும் உம்மாவின் பெயரையும் விசாரித்தீர்கள். சில நாட்களிலேயே அங்கிருந்த எல்லோருக்கும் மாமியாகிவிட்டீர்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. நான் "மாமிட மருமகள்".

வீட்டுப் பல்லிகள் எப்போதும் ஒரே சுவரில்தான் தங்குகின்றனவா என்பது என் ஆராய்ச்சி. பல்லியை ஜாம் போத்தலுக்குள் பிடித்து, முதுகில் நகப்பூச்சால் பொட்டு வைத்து விட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பின் எண்ண வேண்டும். பல்லிகள் நிறைந்த இடம் நீங்கள் சமைக்கும் பழைய குசினி. ஆனால் பல்லியை அடிப்பது நன்மை என்று நம்பி, ஒரே அடியில் முடிப்பதில் எங்கள் தெருவிலேயே பெயர் எடுத்தவர் நீங்கள்.

"என்ன புள்ள, பல்லிக்குக் கியூட்டெக்ஸ் பூசுறாய்?"

"அடையாளம் மாமி. என்ட ஆராய்ச்சி முடியுமட்டும் இதுகள அடிக்கப்படா."

"அப்ப என்ட நன்மை?"

"ஒரு மாசம் பொறுங்களன்."

நீங்கள் விளக்குமாற்றைப் பார்த்தீர்கள், சுவரைப் பார்த்தீர்கள். "சரி. பொட்டு வெச்சதெல்லாம் உனக்கு. பொட்டில்லாதது எனக்கு."

கொஞ்ச நாளில் பொட்டு வைத்தவை குறையத் தொடங்கின. நான் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: கடற்காற்றில் ஈரம் கூடியதால் பல்லிகள் இடம்பெயர்ந்துவிட்டன. அதற்கு இரண்டு நிறத்தில் வரைபடமும் கீறினேன். உங்களுக்கு வாசித்துக் காட்டியபோது, "நல்லா எழுதியிருக்காய்" என்று மட்டும் சொன்னீர்கள். அன்றைக்கு நீங்கள் தந்த தேத்தண்ணியில் சீனி இல்லை.

கடைசி நாள் எல்லோரும் முடிவு வாசித்த மண்டபத்தில் நான் கடற்காற்றைப் பற்றிச் சொன்னதும், எங்களுக்குப் பழக்கிய மிஸ் தலையாட்டினார். "நல்ல யோசனை" என்றார். மேசை எனக்குத்தான் என்று நினைத்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது.

"மிஸ், காத்துமில்ல, ஈரமுமில்ல. நான்தான் அடிச்சன்."

மண்டபமே உங்கள் பக்கம் திரும்பியது.

"பொட்டு வெச்சத அடிக்கமாட்டன் எண்டுதான் வாக்குக் குடுத்தன். குசினி இருட்டு, கண்ணாடியும் போடல்ல. அடிச்சதுக்குப் புறகுதான் பொட்டுத் தெரிஞ்சிச்சு."

"எத்தின பல்லி, மாமி?" சிரிப்பை அடக்கியதில் மிஸ்ஸின் குரல் நடுங்கியது.

"நாலு. இன்னொண்டு வாலப் போட்டுட்டு ஓடிட்டுது. அதயும் எழுதிக்கோங்க."

கடற்காற்றை வெட்டிவிட்டு உண்மையான காரணத்தை எழுதச் சொன்னார் மிஸ். பல்லிகளை வேட்டையாடும் உயிரினம் என்ற இடத்தில் நான் "மாமி" என்று எழுதினேன். மேசை, நத்தைகளை ஆராய்ந்த சம்மாந்துறைப் பிள்ளைக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் உங்களோடு கதைக்கக் கூடாது என்று இருந்தேன். நீங்கள் மெதுவாக, "அந்தப் புள்ளைக்கு மாமி இல்லபோல" என்றீர்கள். சிரிக்கக் கூடாதென்று பஸ் சாய்ந்தமருது ஊருக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

"வீட்டிலயே சொல்லியிருக்கலாமே மாமி?"

"வெக்கம் புள்ள. ஆனா நீ அவ்வளவு பேருக்கு முன்னால பொய்யோட நிக்கிறாய். அது அதவிட வெக்கமாப் போச்சு."

இப்போது ஏ.எல். வகுப்பில், கையில் ஓர் அழகான காரணம் கிடைத்தால் எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வருகிறது. செய்முறை முடிவை வகுப்புக்கு வாசித்தவுடன் நான் உட்காருவதில்லை. கடைசி வரிசையைப் பார்த்தபடி சற்று நேரம் நிற்கிறேன். கைதட்டலுக்காக நிற்கிறேன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், மாமி.