ஐந்து மணிக்குப் பூட்டும் திட்டம்

மார்ச் 14, வியாழன்

எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் என் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா, அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைக் காப்பகத்தை மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவாராம்.

"ஏன்க்கா திடீர்னு?"

"நல்லா கேட்ட போ! உன் காலேஜ் புள்ளைங்கதான் இந்தத் திட்டத்த எழுதிக் கொடுத்தாங்க. டீச்சரே அதுக்கு 'ஏ' கிரேடு போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே லா."

போட்டது நான்தான். வணிக நிர்வாகம் படிப்பவர்கள் பக்கத்து ஜனங்களுக்கு உதவட்டும் என்று அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பியதும் நான்தான். ஐந்து மணி என்பதைப் படித்தேன். மாணவர் திட்டம் எப்போதும் போல் தாளோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். எங்கள் படிப்பில் இதுவரை எதை, யார் செய்து பார்த்தார்கள்?

என் வகுப்பு ஆறு மணிக்குத்தான் முடிகிறது. பேக்டரி ஷிப்ட் முடிந்து ஐந்துக்குப் பிறகே பிள்ளையை எடுக்க வரும் தாய்மார்கள் இன்னும் நான்கு பேர். அவர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இனிமே சாயங்காலம் கோயிலுக்குப் போவேன்" என்று அக்கா சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப நீ வேலைய நிப்பாட்டிடு லா" என்பார்.