இடது காலுக்கு ஓர் இடம்

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். நான் ஓட்டும் கேக் கடைக் காரின் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் நகராது. மெக்கானிக் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் சிரித்துவிட்டார்.

“எந்நேரமும் கிளட்ச் மேலயே கால வச்சிருக்கீங்களேம்மா! கியர் மாத்தினதும் கால எடுங்க. சும்மா வச்சிருந்தாலே தேஞ்சு போகும்.”

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கடியில் உங்கள் பாதத்தின் மேல் என் இடது காலைப் போட்டுக்கொள்ளும்போது நீங்களும் “கால எடுடி” என்றுதானே கத்துவீர்கள்! பத்து வருஷப் பழக்கம். பாவம், கிளட்ச் மாட்டிக்கொண்டது.

புது கிளட்ச் போட்டாயிற்று. நேற்று மூன்றடுக்குக் கேக்கோடு அதே மேட்டில் நின்றேன். வண்டி பின்னால் உருளாமல் கிளட்சிலேயே பிடித்து வைக்காமல், ஹேண்ட்பிரேக் போட்டு, நிதானமாக வண்டியை எடுத்தேன். ஒரு கிரீம் பூகூட அசையவில்லை! இறக்கிய இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கேக்குக்குத்தான், நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

என் பழைய கான்வாஸ் ஷூவை அனுப்புங்கள். இங்கே வாங்கியது தடிமன், பெடலே காலுக்குத் தெரிவதில்லை.

அடுத்த கேக் தயாராம், கூப்பிடுகிறார்கள். பார்சலில் உங்கள் பழைய செருப்பையும் வையுங்கள். சாப்பிடும்போது மேசைக்கடியில் போட்டுக்கொள்கிறேன், கால் வைக்க.

உங்கள்
டிரைவரம்மா